"வீட்டுக்கு வாங்க" என்று புதியவர் கூப்பிட்டால்...

எங்கள் கரிசல் சீமையில் ஒருவர் "வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டு விட்டால் "வரவில்லை" என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழும்பாது. தெருவில் நடந்து போகிறவரைக்கூட, "ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுகிற ஊர் இது. கூப்பிட்ட பிறகு போகாமல் இருந்தால் அது அந்த வீட்டையே அவமதித்த மாதிரி. விடைபெறும்போது "போறேன்" என்றுகூடச் சொல்ல மாட்டோம், "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வோம். இப்படி வளர்ந்த பெண்கள் நாம். முகம் தெரியாத ஒருவர் போனில் கூப்பிட்டு, "நேர்ல வீட்டுக்கு வந்துருங்களேன், பேசிக்கிடலாம்" என்றால் சட்டென்று என்ன சொல்வோம்? "சரிங்க, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டு, அன்று முழுக்க அடுப்படியில் நின்றுகொண்டு யோசித்துக்கொண்டே இருப்போம். இல்லையா?

முன்பெல்லாம் இந்தத் தொல்லை குறைவு. வருகிற அழைப்பு எல்லாம் சொந்தக்காரர், ஊர்க்காரர் அழைப்புதான். இப்போது ஒவ்வொருத்தி கையிலும் செல்போன். வீட்டிலிருந்தே டியூஷன் எடுக்கிறவள், கேக் செய்து கொடுக்கிறவள், மெஹந்தி போடுகிறவள், பழைய தொட்டிலை விற்க நினைத்து வாட்ஸ்அப்பில் படம் போட்டவள், எல்லோருடைய நம்பரும் எங்கெங்கோ சுற்றுகிறது. நான் புதூரில் பதினெட்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். கொஞ்ச காலமாக ஆரி வேலையும் செய்கிறேன். ஆகவே எனக்கு இந்த அனுபவம் நிறைய உண்டு. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

2021ஆம் வருஷம் தை மாதம் எங்கள் பக்கம் அறுப்பு நேரத்தில் மழை கொட்டியது ஞாபகமிருக்கிறதா? காட்டில் நின்ற உளுந்து செடியிலேயே முளைத்துப் போயிற்று. மக்காச்சோளமும் போச்சு. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு என் தையல் மெஷின்தான் சோறு போட்டது. ஆவணி மாதக் கல்யாணங்களை நம்பித்தான் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸே இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. ஆண் குரல். மரியாதையான பேச்சு.

"தங்கச்சி, உங்க வேலையைப் போட்டோவுல பார்த்தேன். எங்க வீட்டுல கல்யாணம். மொத்தம் பன்னிரண்டு ஜாக்கெட். எல்லாம் ஆரி வேலைதான். கோவில்பட்டிக்கு வந்து அளவெடுத்துக்கிடணும். எங்க வீட்டம்மாவுக்கு உடம்புக்கு முடியல, அலைய முடியாது. நீங்க பஸ்ஸுக்கு அலைய வேண்டாம், கார் அனுப்புதேன்."

பன்னிரண்டு ஜாக்கெட்! கணக்குப் போட்டுப் பார்த்தால் இருபதாயிரத்துக்குக் குறையாது. எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நம்பரும் புதிது, குரலும் புதிது. யார் சொல்லி என்னைக் கூப்பிட்டார் என்று கேட்டதற்கும் பிடி கிடைக்கவில்லை. "யாரோ சொன்னாங்க" என்றார். வீட்டம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றேன். "தூங்குறாங்க" என்றார்.

நான் சொன்னேன்: "ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. நல்லபடியா தச்சுத் தாரேன். ஆனா பழக்கமில்லாதவுக வீட்டுக்குப் போய் அளவெடுக்கிறது என் வழக்கமில்ல. அக்காவோட அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்து விடுங்க, அது போதும். கல்யாணப் பொண்ணுக்குக் கட்டாயம் நேர்ல அளவெடுக்கணும்னா வெள்ளிக்கிழமை செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கு அவுகளைக் கூட்டிட்டு வாங்க. நானும் எங்க மதினியும் வாரோம். பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச துணிக்கடை இருக்கு, அங்க வச்சு அளவெடுத்துக்கிடலாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தக் கேள்வி வந்தது. "என்ன தங்கச்சி, எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

சகோதரிகளே, நம்மைக் கவிழ்ப்பது இந்த ஒரு கேள்விதான். பணத்தாசை காட்டினால்கூடத் தாக்குப் பிடித்து விடுவோம். "நம்பிக்கை இல்லையா?" என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டால், ஏதோ நாம் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்ட மாதிரி உடம்பு கூசிப் போகும். "ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க, வாரேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். கேட்கிறவர் நல்லவராக இருந்தாலும் இதைக் கேட்பார், கெட்டவராக இருந்தாலும் இதையேதான் கேட்பார். ஆகையால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாம் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

"நம்பிக்கையைப் பத்தின பேச்சே இல்ல அண்ணாச்சி. உங்களுக்கு மட்டும் இல்ல, புதுசா வாரவுக எல்லாருக்கும் இதேதான் சொல்லுதேன். கோயிலுக்கு எத்தனை மணிக்கு வாரீங்கன்னு சொல்லுங்க" என்றேன். "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்று வைத்தார். அப்புறம் கூப்பிடவே இல்லை.

அவர் நல்ல மனிதரா, வேறு எண்ணம் உள்ளவரா? எனக்கு இன்றுவரை தெரியாது. நிஜமாகவே படுக்கையில் கிடந்த மனைவிக்காகக் கேட்டிருக்கலாம். வேறு தையல்காரியைப் பிடித்துக் கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்தியும் இருக்கலாம். எனக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நான் அவரைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லையே! ஓர் இடத்துக்கு வரவில்லை என்றேன், இன்னோர் இடத்துக்கு வருகிறேன் என்றேன், அவ்வளவுதான். ஒருவர் கெட்டவர் என்று நிரூபித்த பிறகுதான் மறுக்க வேண்டும் என்றிருந்தால், அந்த நிரூபணத்துக்காகவே அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டியதாகி விடும்!

என் மாமியார் ஒரு வாரம் முணுமுணுத்தார். "இருக்கிற இருப்புல வீடு தேடி வந்த சீதேவிய விரட்டுதா" என்று. அவர் கஷ்டம் அவருக்கு. உளுந்து போன வருஷம் அல்லவா! நான் பதில் பேசவில்லை. ஒரு நாள் சாயங்காலம், வெற்றிலைப் பெட்டியோடு அவர் உட்கார்ந்திருந்தபோது, "அத்தை, உங்களை எங்கே வச்சுப் பொண்ணு பார்த்தாக?" என்று கேட்டேன்.

"எங்கே பார்ப்பாக? இருக்கங்குடி கோயில்லதான். எங்கய்யா பொங்கல் வைக்கக் கூட்டிட்டுப் போன மாதிரி கூட்டிட்டுப் போனாரு. அவுக ஆளுக மரத்தடியில நின்னு பாத்துட்டுப் போயிட்டாக. புடிச்சிருக்குன்னு சொல்லிவிட்ட பெறகுதான் வீட்டு வாசப்படி மிதிச்சாக."

"ஏன் அத்தை, முதல்லயே வீட்டுக்கு வரலாமே?"

"அதெப்படி? வந்து பாத்துட்டு வேண்டாம்னு போனா ரெண்டு வீட்டுக்கும் அசிங்கமில்ல? பொது எடத்துல பார்த்தா யாருக்கும் கொறையில்ல." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

நம் ஊர்களில் இன்றைக்கும் கோயிலில் வைத்துப் பெண் பார்க்கிற வழக்கம் இருக்கிறது. பெரியவர்கள் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! பழைய வீடுகளில் திண்ணை எதற்கு இருந்தது? வழிப்போக்கன் வந்தால் உட்கார இடமும் உண்டு, தண்ணீரும் உண்டு, சோறும் உண்டு. ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே போவது பழகிய பிறகுதான். திண்ணையில் உட்கார வைத்ததற்காக எந்த வழிப்போக்கனும் கோபித்துக்கொண்டு போனதில்லை. இப்போது வீடு கட்டுகிறவர்கள் திண்ணையை எடுத்துவிட்டு வாசல் வரைக்கும் கிரில் போட்டு விடுகிறோம். திண்ணை போன பிறகு அதன் வேலையை நம் வாய்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இனி, எப்படிச் சொல்வது என்ற விஷயத்துக்கு வருகிறேன். பொய்க்காரணம் சொல்வது எனக்குப் பிடிக்காது. தர்மம் பேசுவதாக நினைக்க வேண்டாம். அது பலிப்பதில்லை, அதனால்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் பெண் ஒருத்தி. கல்லூரி முடித்த பிள்ளை, வாய் அதிர்ந்து பேசத் தெரியாது. யாரோ ஒருவர் தன் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தர வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவளுக்கு இஷ்டமில்லை. "காய்ச்சலா இருக்கு சார்" என்றாள். "பரவாயில்லைம்மா, திங்கட்கிழமை வா" என்றார். திங்கட்கிழமை "பஸ் இல்லை" என்றாள். "பைக்ல வந்து கூட்டிக்கிடுதேன்" என்றார். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றாள். "நான் வந்து பாக்கட்டுமா?" என்றார்! ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு மாற்று இருந்தது. கடைசியில் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். நான் சொன்னதை அவளே போனில் சொன்னாள். "சார், நான் பிள்ளைங்களுக்கு எங்க வீட்டுத் தாழ்வாரத்துலதான் சொல்லிக் குடுக்கேன். யார் வீட்டுக்கும் போறதில்ல. பாப்பாவைச் சாயங்காலம் அஞ்சரைக்குக் கூட்டிட்டு வாங்க, அவுக அம்மாவும் வந்து உக்காந்து பார்க்கலாம்." அதோடு முடிந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை சொல்லலாம், பஸ்ஸுக்குப் பதில் பைக் கொண்டு வரலாம். "நான் போவதில்லை" என்பதற்கு என்ன மாற்றுச் சொல்ல முடியும்?

"வீட்டுக்காரர் விடமாட்டார்" என்று சொல்லித் தப்பிக்கிறவர்களும் உண்டு. சுலபமான வழிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "அவர்கிட்ட குடுங்க, நான் பேசுதேன்" என்று ஒருவர் ஆரம்பித்து விட்டால், நம் விஷயம் இரண்டு ஆண்கள் பேசித் தீர்க்கிற விஷயமாகி விடும். போதாததற்கு, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பெண் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? (எங்கள் வீட்டுக்காரர் பாவம், நான் எங்கே போகிறேன் என்று கேட்டதே கிடையாது. அவரை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை.)

குரலையும் கவனிக்க வேண்டும். நாலு தடவை "மன்னிச்சிருங்க, தப்பா நினைக்காதீங்க" என்று இழுத்தால், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்து விடுவாள் என்று எதிராளிக்குத் தோன்றும். முகத்தில் அடித்தாற்போலவும் பேச வேண்டாம். நன்றி ஒரு தடவை, மறுப்பு ஒரு தடவை, உடனே வேறு இடமும் நேரமும். கோயில், துணிக்கடை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிபன் கடை, நூலகம், எது வேண்டுமானாலும் இருக்கட்டும். இடத்தை நாம் சொல்ல வேண்டும், பகல் வேளையாக இருக்க வேண்டும். நிஜமாகவே வேலை இருக்கிறவர் பெரும்பாலும் அதற்கு ஒத்துக்கொள்வார். என் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் இப்படிக் கோயில் வாசலில் பழக்கமானவர்கள்தான்.

விளாத்திகுளத்தில் வக்கீலாக இருக்கும் என் சிநேகிதி ஒரு விஷயம் சொன்னாள். கேட்டு ஆச்சரியப்பட்டேன். ஒரிசாவின் முதல் பெண் முதலமைச்சராக இருந்தவர் நந்தினி சத்பதி. பதவி போன பிறகு, 1977இல் ஒரு வழக்கு விசாரணைக்காக அவரைக் கட்டாக்கில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1978இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி கிருஷ்ணய்யர், ஒரு பெண்ணை அப்படி ஸ்டேஷனுக்கு வரச் சொன்னது சட்டத்துக்கு மாறானது என்று கண்டித்தார். விசாரணைக்காக ஒரு பெண்ணிடம் தகவல் கேட்க வேண்டுமானால் போலீஸ்தான் அவள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டுமே தவிர, வேறு இடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160ஆவது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 179ஆவது பிரிவாகத் தொடர்கிறது. காக்கிச் சட்டை போட்ட சர்க்காரே கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஒரு பெண் போக வேண்டியதில்லை என்றால், ஜாக்கெட் அளவுக்குக் கூப்பிடுகிறவருக்கு நாம் ஏன் இவ்வளவு கூச வேண்டும்?

வேலைக்கு இன்டர்வியூ என்று வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்களைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவைத் தடுக்க 2013இல் வந்த சட்டம், குடியிருக்கும் வீட்டையும் பணியிடம் என்றே சேர்த்துச் சொல்கிறதாம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு மாவட்டத்திலும் புகாரை விசாரிக்கக் குழு உண்டு. நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உடனடி உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. இதெல்லாம் நடந்த பிறகு செய்ய வேண்டியவை. "இன்டர்வியூவை உங்கள் ஆபீசில், வேலை நேரத்தில் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பது அதற்கு முன்னால். ஆபீசே இல்லை என்று பதில் வந்தால், அதுவும் ஒரு தகவல்தானே?

வெளியே போய்த்தான் ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. நர்ஸ் அக்காமார், கணக்கெடுக்கப் போகிறவர்கள், மகளிர் குழு வேலைக்கு அலைகிறவர்கள் எல்லாம் "யார் வீட்டுக்கும் போவதில்லை" என்று எப்படிச் சொல்வார்கள்? லண்டனில் 1986 ஜூலை 28ஆம் தேதி சூசி லாம்ப்லூ என்ற 25 வயதுப் பெண், விற்பனைக்கு இருந்த ஒரு வீட்டைக் காட்ட ஆபீசிலிருந்து கிளம்பினார். பார்க்க வருகிறவர் பெயர் "மிஸ்டர் கிப்பர்" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். திரும்பி வரவே இல்லை. தாயார் டயானா அந்தத் துக்கத்தோடு முடங்கிவிடாமல், அதே வருஷமே மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். தனியாக வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக அது பாடுபடுகிறது. எங்கே போகிறோம், யாரைப் பார்க்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குத் திரும்பாவிட்டால் அவர் உடனே தேட வேண்டும். நானும் எங்கே போனாலும் மதினி போனுக்கு விலாசத்தை அனுப்பி விடுகிறேன். மதினிக்குப் படிக்க அவ்வளவாக வராது. அதனால் வாயாலேயே பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்புவேன்.

நானும் ஒரு தடவை புதியவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கிராமம். வயசான அம்மா, விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். கையைத் தூக்கி ஜாக்கெட் போட முடியவில்லை. முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி தளர்வாக நாலு ஜாக்கெட் வேண்டும் என்று கேட்டார். போனில் பேசியது அவரேதான். ஊர்ப் பெயர், தெரு, மகன் என்ன வேலை, எல்லாம் தயங்காமல் சொன்னார். அந்த ஊரில் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு, விசாரித்தேன். "புதுசா இருக்கிறதால எங்க மதினியையும் கூட்டிட்டு வாரேன் அம்மா, பகல் பதினோரு மணிக்கு வாரேன்" என்றேன். "தாராளமா வா தாயி" என்றார்.

போனபோது கட்டில் பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அளவெடுக்கும் வரை எழுந்திருக்கவே இல்லை. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீ கூட ஆளைக் கூட்டிட்டு வாரேன்னு சொன்னியே தாயி, அப்பந்தான் எனக்கு நிம்மதி. வாரவ யாரோ எவளோன்னு நானும்ல பயந்துகிட்டுக் கெடந்தேன். அதுக்குத்தான் இவளைக் காலையிலயே வந்து உக்காருன்னு சொன்னது."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் வெட்கத்தோடு சிரித்தாள். மதினியும் சிரித்து விட்டாள். நாலு ஜாக்கெட்டையும் வெள்ளைப் பருத்தித் துணியில், கொக்கி வைக்காமல், பெரிய பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.